மறுதாம்புக்கு எத்தனை நாள் கோபம்

“…வெதைச்சு வந்தது வேற, வெட்டுன எடத்துல வந்தது வேற. வெட்டுபட்ட கட்டைக்குக் கோவம் இருக்கும் அண்ணாத்தே. அது சும்மா வுடாது” என்று சொல்லிவிட்டுச் செங்கேணி, தீவனப் பண்ணையின் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். இடுப்பில் செருகிய அரிவாள், தோளில் சுருட்டிப் போட்ட கயிறு. வெறுங்கையோடு வரவில்லை என்பதே எனக்குப் பாதி நம்பிக்கை. ஆனால் கால் உள்ளே வரவில்லை.

அந்தப் பேச்சுக்குப் பிறகு அவள் என்ன செய்தாள் என்பதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதை முதலில் சொல்லாவிட்டால் வெறும் பிடிவாதம் போலத் தெரியும். பிடிவாதம் இல்லை. கட்டைச் சோளம் தின்று அவளுடைய மாடு ஒன்று செத்துப்போயிருந்தது. மாட்டுக்குக் கேட்டைத் திறந்துவிட்டவன் நான்.

என் பெயர் தணிகாசலம். வீடு ஆவடி சேக்காட்டில். ஒரு பால் சங்கத்தின் தீவனப் பண்ணையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றேன். பண்ணை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மூன்று ஏக்கர். ஒரு பக்கம் ரயில் பாதை, ஒரு பக்கம் டிஃபென்ஸ் குவார்ட்டர்ஸ் மதில், மிச்ச இரண்டு பக்கமும் வருஷத்துக்கு ஒன்றாக எழும்பிய அடுக்குமாடிகள். நடுவில் பச்சைப் பசேல் என்று சோளம். நாம் தின்கிற சோளம் இல்லை, மாட்டுத் தீவனத்துக்கான சோளம். வீட்டுக்கு இரண்டு மூன்று மாடு வைத்துப் பால் ஊற்றுகிற ஜனங்கள் வந்து அவர்களே அறுத்துக் கட்டு கட்டாக எடுத்துப் போவார்கள்.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். இப்போது அறுக்க மிஷின் வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் என்னை நிறுத்தி, “ஐயா, கேட்டுத் தூண்ல இடுப்பு உசரத்துக்கு ஒரு செவப்புக் கோடு கீதே, வெள்ளம் வந்த மட்டமா அது?” என்று கேட்டார்கள். வெள்ளம் இல்லை என்று கதையைச் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு, வாயால் சொன்னது டீ ஆறுவதற்குள் மறந்துபோகும், எழுதிக் கொடுத்துவிடுவோம் என்று தோன்றியது.

நான் பிறவி விவசாயி இல்லை. மண்ணூர்பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறையில்தான் கை பழகினேன். பட்டறை முதலாளிக்கு ஒரு சொல் உண்டு. “அளந்தவன் ஒரு தபா வெட்டுவான், அளக்காதவன் வெட்டிகினே இருப்பான்.” பட்டறையை மூடியதும் ஒரு சொந்தக்காரர் பண்ணையில் சேர்த்துவிட்டார். முதல் இரண்டு வருஷம் தண்ணீர் பாய்ச்சினேன், வரப்பு வெட்டினேன், சாணி சுமந்தேன். படிப்பு எட்டாவதோடு சரி. மற்றதெல்லாம் காதில் விழுந்தது. “பாலு பொய் சொல்லும், சாணி பொய் சொல்லாது” என்று மாட்டுக்காரர் ஒருவர் சொன்னதில், எந்த மாட்டுக்கு எவ்வளவு பச்சை போகிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

இந்தச் சோளத்தின் பெருமையே, ஒரு தரம் விதைத்தால் பல தரம் அறுக்கலாம் என்பதுதான். அறுத்த பிறகு நிலத்தில் நிற்கிற கட்டையின் கணுவிலிருந்து குருத்து கிளம்பும். ஐம்பது நாளில் மறுபடி ஆள் உயரம் நிற்கும். அதை அறுத்தால் மறுபடி. புத்தகத்தில் இதற்கு மறுதாம்பு என்று பேர். நாங்கள் கட்டைச் சோளம் என்போம். விதைத்து வருவது ஒரு வெட்டு, கட்டையில் வருவது நாலைந்து வெட்டு. அதாவது பண்ணை பிழைப்பதே கட்டையில்தான்.

அதை எனக்கு ஒழுங்காகப் பழக்கியவர் மரகதம் மேடம். கோபிப் பக்கத்துக்காரர், தீவன அலுவலராக வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், நெஞ்சு உயரம்தான் இருப்பார். கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். சாதாரண நாளில் “அண்ணா, அந்தத் தண்ணியத் திருப்புங்க” என்பார். ஏதாவது தப்பு செய்துவிட்டால், “ஏனுங்கண்ணா, தயவுபண்ணி இத யாருங்க வெட்டுனதுன்னு சொல்றீங்களா” என்று வரும். அந்தத் ‘தயவுபண்ணி’ கேட்டாலே எங்களுக்கு வேர்க்கும்.

அறுப்பு என்றால் மேடத்துக்கு முறை உண்டு. தரையிலிருந்து ஆறு விரல் கட்டை நிற்க வேண்டும். அதற்குக் கீழே வெட்டினால் குருத்து வர வேண்டிய கணு போய்விடும். மேலே விட்டால் குருத்து கட்டையின் தலையில் கிளம்பி, காற்றில் ஒடியும். அரிவாள் கூராக இருக்க வேண்டும், நார்நாராகக் கிழிந்தால் கட்டை அழுகும். அறுத்த அன்று தண்ணீர் கூடாது, மூன்றாம் நாள் பாய்ச்ச வேண்டும். அறுத்து முடிந்ததும் மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசைக்குள் இறங்கி, இங்கொன்று அங்கொன்றாகக் கட்டையின் பக்கத்தில் விரல்களை வைத்துப் பார்ப்பார். அவர் விரல் சின்ன விரல். “மேடம், உங்க ஆறு விரல் எனக்கு அஞ்சு” என்று ஒரு நாள் சொன்னேன். மறுநாள் அந்த அளவுக்கு ஒரு மூங்கில் குச்சியை வெட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். லேத்துப் பட்டறை முதலாளியைப் பெண் வேஷத்தில் பார்த்தது போல இருந்தது.

இன்னொரு விதியும் சொல்லியிருந்தார். “இடுப்பு உசரத்துக்குக் கீழ இருக்கற கட்டச் சோளத்த வெட்டக் கூடாதுங்கண்ணா.” சரி என்று வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். சின்னதாக வெட்டினால் எடை கிடைக்காது, பண்ணைக்கு நஷ்டம், அதனால் சொல்கிறார் என்று. எல்லா வினையும் அங்கிருந்து வந்தது.

எங்கள் பண்ணையில் ஒரு வழக்கம். கோடையில் கடைசி வெட்டு முடிந்து, மறு விதைப்புக்கு உழப்போகும் முன்னால் ஒரு நாள் கேட்டைத் திறந்துவிடுவோம். அக்கம்பக்கத்து மாடுகள் வந்து கட்டையைக் கடித்துவிட்டுப் போகும். மொட்டைக் கட்டையில் என்ன இருக்கிறது, ஏதோ ஒரு சந்தோஷம். அறுத்த மறுநாளே திறந்துவிடுவதால் எந்தக் காலத்திலும் ஒன்றும் ஆனதில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அந்தக் கோடையில் டிராக்டர் பழுதாகி உழவு தள்ளிப்போனது. கேட்டைத் திறக்கும் நாளும் தள்ளிப்போனது. இரண்டு மாதமாக மழையில்லாமல் காய்ந்து கிடந்த நிலத்தில் திடீரென்று ஒரு மாலை நல்ல மழை. நாலைந்து நாளில் கட்டை எல்லாம் குருத்து விட்டது. ஒரு சாண் உயரம், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலப் பச்சை. மேடம் ஊருக்குப் போயிருந்தார்.

செங்கேணி பண்ணைக்குப் பின் தெருவில் இருந்தவள். புருஷன் இல்லை. கருப்பி, செவலை என்று இரண்டு மாடு. அந்தப் பால்தான் வீடு. அவளுடைய நாக்குக்குப் பயந்து பால் ஊற்றுகிற இடத்தில் அளவு குறைக்க மாட்டார்கள். மாட்டுக்காரர்கள் எந்தத் தீவனத்துக்கும் “செங்கேணி எடுத்தாளா?” என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள்.

அன்று காலை அவள்தான் முதலில் வந்தாள். “இன்னா அண்ணாத்தே, உள்ள பச்சை தளதளன்னு கீது, கேட்டப் பூட்டிகினு குந்திகினுகீறே. நாளைக்கு டிராக்டரு வந்து மண்ணுல பொதைக்கப் போவுது. மண்ணு துன்னறத மாடு துன்னா ஆவாதா?”

விதி எனக்கு ஞாபகம் இருந்தது. இடுப்புக்குக் கீழ் வெட்டக் கூடாது. நான் வெட்டவில்லையே. எப்படியும் உழப்போகிற கட்டை, எடை குறைந்தால் யாருக்கு நஷ்டம். வழக்கமாகத் திறந்துவிடுவதுதானே. பூட்டைத் திறந்தேன். நல்லது செய்கிற சந்தோஷத்தோடு திறந்தேன் என்பதையும் எழுத வேண்டும்.

இரண்டு மாடும் ஆசையாய் மேய்ந்தன. கருப்பி முன்னால் போனது. கால் மணி நேரம் இருக்கும், கருப்பி தலையைத் தூக்கி மூச்சு வாங்கியது. வாயில் நுரை. பின்னங்கால் பின்னியது. “தே, இன்னாடி ஆச்சு” என்று செங்கேணி ஓடுவதற்குள் முன்னங்கால் மடிந்து விழுந்தது. அவளுக்குப் பின்னால் கேட்டுக்கு வந்துவிட்ட மற்றவர்களின் மாடுகளைத் துரத்திக்கொண்டே மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன்.

“எவ்வளவு உசரக் குருத்து?” என்று கேட்டார்.

“ஒரு சாண் சார்.”

“அய்யோ. நான் அம்பத்தூர்ல இருக்கேன், வர முக்கால் மணி ஆகும். பக்கத்துல பழைய போட்டோ ஸ்டுடியோ ஏதாவது இருக்கா?”

“போட்டோ எதுக்கு சார்?”

“ஹைப்போன்னு கேளு. ஃபிலிம் கழுவுற உப்பு. ஓடு.”

சைக்கிளில் மார்க்கெட் பக்கம் பறந்தேன். ஸ்டுடியோக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஹைப்போவா? அதக் கேட்டு ஆளு வந்தே எவ்ளோ வருசம் ஆச்சு. பாஸ்போர்ட் சைஸ் வோணும்னா பத்து நிமிசத்துல தரேன்” என்றார். மாடு சாகக் கிடக்கிறது என்றதும் பேச்சை விட்டுவிட்டு அலமாரி அலமாரியாகத் தேடினார். கடைசியில் பிரிண்டர் ஆடாமல் இருக்க அதன் காலடியில் முட்டுக் கொடுத்திருந்த பொட்டலம்தான் ஹைப்போ. பிரிண்டர் சாய்ந்தபடி இருக்க, பொட்டலத்தை உருவி என் கையில் வைத்தார்.

நான் திரும்புவதற்குள் கருப்பி போய்விட்டது. செவலை விழுந்து, உடம்பு வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் போனில் சொன்ன அளவுக்குக் கரைத்து, கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி, செங்கேணி தாடையைப் பிடிக்க நான் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டேன். அப்புறம் டாக்டர் வந்து ரத்தக் குழாயில் ஊசி போட்டார். பொழுது உச்சிக்கு வரும்போது செவலை எழுந்து நின்று சாணி போட்டது.

சின்னக் குருத்தில் விஷம் இருக்கும், காய்ந்து கிடந்து மழை கண்ட குருத்தில் மிக அதிகம், வளர வளரக் குறைந்துவிடும், ஹைப்போ அந்த விஷத்துக்கு முறிவு என்று டாக்டர் சொன்னது அதன் பிறகுதான் என் காதில் விழுந்தது.

செங்கேணி கத்தவில்லை. கருப்பி கழுத்திலிருந்த கயிற்றையும் மணியையும் அவிழ்த்தாள். “நீ தொறந்தே, நான் வுட்டேன். ரெண்டு பேரும் சேந்து கொன்னுட்டோம்” என்றாள். செவலையைப் பிடித்துக்கொண்டு போனவள் அதற்குப் பிறகு மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை.

மேடம் மறுநாளே ஊரிலிருந்து வந்துவிட்டார்.

“ஏனுங்கண்ணா, இடுப்புக்குக் கீழ வெட்டக் கூடாதுன்னு தயவுபண்ணிச் சொல்லியிருந்தனுங்களே.”

“வெட்டல மேடம். மேய வுட்டேன்.”

“ஏன் வெட்டக் கூடாதுன்னு நெனச்சீங்க?”

“எடை கொறையும்னு.”

நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒரு ரயில் போய் முடிகிறவரை ஜன்னலையே பார்த்தார். பிறகு சங்கத்துக்கு அறிக்கை எழுதி, கையெழுத்துப் போடும் முன்னால் எனக்கு வாசித்துக் காட்டினார். ‘விதியைச் சொன்ன நான் அதன் காரணத்தைப் பணியாளருக்குச் சொல்லவில்லை. இது என் தவறு’ என்று இருந்தது. கேட்டைத் திறந்தது நான், உங்கள் பேர் ஏன் கெட வேண்டும் என்று கேட்டேன். “பேரு திரும்ப வந்துருமுங்க. மாடு வராது” என்றார்.

சிவப்புக் கோடு அந்த வாரம் போட்டதுதான். பெயின்ட் டப்பாவோடு நின்றுகொண்டு, “யார் இடுப்பு மேடம், உங்களுதா என்னுதா?” என்று கேட்டேன். நான் ஆறடிக்குப் பக்கம். அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார். “உங்க இடுப்புங்கண்ணா. ஒசந்த இடுப்பாவே இருக்கட்டும்.”

மறு பட்டத்தில் விதைத்தோம். முதல் வெட்டை நாலு பேர் தயங்கித் தயங்கி எடுத்துப் போனார்கள். செங்கேணி எடுக்கவில்லை. அடுத்தது கட்டைச் சோளம். அதை ஒருவரும் தொடவில்லை. பூ எடுத்து, ஆள் உயரம் நின்று, தோகை உரசுகிற சத்தம் ரயில் சத்தத்தோடு போட்டி போடுகிறது. பண்ணைக்குள் ஆள் இல்லை. சங்கச் செயலாளர் வந்து பார்த்தார். “ஒவ்வொரு வெட்டுக்கும் புதுசா விதைக்க நம்மால முடியாது. கட்டை விலைபோகலைன்னா அடுத்த கூட்டத்துல பேசி, குத்தகை நிலத்தத் திருப்பிக் கொடுத்துடலாம். அடுக்குமாடிக்காரங்க வண்டி நிறுத்தக் கேக்குறாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது.

என் வேலையைவிட என்னை அரித்தது செவலைதான். சினையாக இருந்தது. செங்கேணி அதற்கு வைக்கோலும் மார்க்கெட்டில் ஒதுக்கிய கோஸ் இலையும்தான் போட்டாள். பச்சை இல்லாமல் விலா எலும்பு எண்ணுகிற மாதிரி ஆகிவிட்டது. இப்படியே போனால் கன்று போடும்போது தாய் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்திலேயே மூன்று ஏக்கர் பச்சை நிற்கிறது.

ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். “செவல, ஊட்டுக்கு ஆளு வந்துகீது. இன்னா வோணும்னு கேளு.”

நானும் மாட்டிடமே சொன்னேன். “செவல, கட்டைச் சோளம் பூ வெச்சு நிக்குது. விசம் போயிடுச்சான்னு கண்ணால பாக்க ஒரு வழி கீதாம். உங்கம்மாவ வந்து பாக்கச் சொல்லு. நான் சொல்றத நம்ப வோணாம்.”

“நம்புனது போதும்னு சொல்லு செவல.”

திரும்பி வந்துவிட்டேன். நாலாம் நாள் காலை கேட்டில் வந்து நின்றுதான், முதலில் எழுதினேனே, அந்தப் பேச்சைச் சொன்னாள்.

மேடம் அறைக்குள்ளிருந்து அதைக் கேட்டுக்கொண்டே வந்தார். அவள் சொன்னதை மறுக்கவில்லை. “சரியாத்தான் சொன்னீங்கம்மா. வெட்டுன கட்டை தன்னோட குருத்தக் காப்பாத்த விசம் வெக்கும். அது கோவந்தானுங்க.”

செங்கேணிக்கு இது எதிர்பாராதது. வாதாட வந்தவளுக்கு வாதாட ஆள் இல்லை. “அப்போ அது எத்தினி நாளு இருக்கும்?”

“இடுப்பு உசரம் வர்ற மட்டும் நாம கிட்டயே போகக் கூடாதுங்க. பூ வெச்சுட்டா அடங்கிரும். காட்டறனுங்க, உள்ள வாங்க.”

கேட்டுப் பக்கத்து மேஜையில் இரண்டு கண்ணாடிக் குப்பிகள், கத்தரிக்கோல், மஞ்சள் தாள் துண்டுகள். தாள் ஒரு மருந்தில் நனைத்துக் காயவைத்தது. இலையைப் பொடிசாக நறுக்கிக் குப்பியில் போட்டு, இரண்டு சொட்டு திரவம் விட்டு, இலையில் படாமல் தாளைத் தொங்கவிட்டு மூட வேண்டும். விஷம் இருந்தால் மஞ்சள் தாள் செங்கல் நிறத்துக்கு மாறும். இதற்கென்றே ஒரு மூலையில் இரண்டு வரிசையை முன்கூட்டியே வெட்டி, சாண் உயரக் குருத்தாக வைத்திருந்தார்.

நான் இலை பறிக்கப் போனேன். “நீ கை வெக்காதே” என்றாள். சேலையைச் செருகிக்கொண்டு அவளே உள்ளே இறங்கினாள். மூலையில் குருத்தைப் பறித்தாள். பூ வைத்த சோளத்தில், எங்கே சூழ்ச்சி செய்திருப்போமோ என்று, முன் வரிசையை விட்டு நடு வயலுக்குள் போய்ப் பறித்து வந்தாள். நறுக்கியதும் அவள்தான்.

முதல் குப்பியை மூடினோம். அரக்கோணம் போகிற வண்டி ஒன்று தடதடத்துப் போனது. அதன் கடைசிப் பெட்டி மறைவதற்குள் தாளின் நுனி கருக்க ஆரம்பித்தது. அப்புறம் சிவந்தது. அடுத்த வண்டிக்குள் தாள் முழுக்கச் செங்கல்.

செங்கேணி அந்தக் குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். “இத்தத்தான் எங் கருப்பி துன்னுச்சா” என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அடுத்தத மூடு” என்றாள்.

இரண்டாவது குப்பி. ஒரு வண்டி போனது. மஞ்சள். இன்னொன்று போனது. மஞ்சள். “போதுங்களாம்மா?” என்று மேடம் கேட்டார். “அதுக்குள்ள இன்னா அவசரம். எனுக்கு இன்னொரு வண்டி போவட்டும்” என்று குப்பியைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மூன்றாவது வண்டி எப்போதும் போலத் தாமதம். நாங்கள் மூன்று பேரும் ஒரு குப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மதிலுக்கு அந்தப் பக்கம் குவார்ட்டர்ஸில் யாரோ துணி துவைக்கிற சத்தம். கேட்டுக்கு வெளியே மாட்டுக்காரர்கள் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். “இன்னாக்கா, ஜோசியம் பாக்கறியா?” என்று ஒருத்தர் கேட்டார். “ஆமா, உன் மண்டைக்குள்ள எதனா கீதான்னு பாத்துகினு கீறேன், மூடு” என்றாள்.

வண்டி வந்தது, போனது. தாள் மஞ்சளாகவே இருந்தது.

செங்கேணி குப்பியை மேஜையில் வைத்தாள். அரிவாளை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினாள். எந்த வரிசை என்று கேட்கவில்லை, குச்சியும் வாங்கவில்லை. குனிந்து, முதல் கட்டையின் பக்கத்தில் தன் விரல்களை ஆறாக அடுக்கி வைத்துப் பார்த்துவிட்டு வெட்டினாள். இரண்டு கை கொள்ளாத அளவு சேர்ந்ததும், தோளிலிருந்த கயிற்றை விரித்துக் கட்டினாள். முழங்காலால் அழுத்தி முடிச்சுப் போட்டாள். பெரிய கட்டு. ஒற்றை ஆளாகத் தலைக்கு ஏற்ற முடியாத கட்டு.

மேடம் என்னைப் பார்த்தார். நான் போகலாமா என்று தெரியாமல் நின்றேன். ‘நீ கை வெக்காதே’ என்று அவள் சொன்னது இன்னும் காதில் இருந்தது.

செங்கேணி சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்தாள். கட்டுக்கு முன்னால் வந்து நின்று, என் பக்கம் திரும்பி, “இன்னா அண்ணாத்தே பாத்துகினு கீறே, வந்து தூக்கி வுடு. செவல பசியோட கீது” என்று தலையைக் குனிந்தாள்.